பலாப்பழம் எதற்குக் குறியீடு? செவ்விலக்கியத்தில் மையக்கருத்தையும் குறியீட்டையும் கண்டுகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

போன வைகாசியில் அண்ணன் மகள் தேர்வுக்குப் படிக்கவென்று பழனி மலையில் உள்ள தாண்டிக்குடியில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள். இளங்கலைத் தமிழ், இரண்டாம் ஆண்டு. வந்த மறுநாளே திண்ணையில் குறுந்தொகையை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "அத்தை, பலாப்பழம் எதுக்குக் குறியீடு? ஒரே வரியில சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

அவள் குறிப்பேட்டைப் பார்த்தேன். பக்கத்தை இரண்டாகப் பிரித்துக் கோடு போட்டிருந்தாள். இடப்பக்கம் மயில், சிலம்பு, குறிஞ்சிப்பூ, குருகு. வலப்பக்கம் ஈகை, நீதி, கூடல், சாட்சி. பலாவுக்கு எதிரே மட்டும் இடம் காலியாக இருந்தது.

"நோட்டை வச்சுட்டு வா பாப்பா" என்று கொல்லைக்குக் கூட்டிப் போனேன். எங்கள் காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் பலா மரங்கள் காய்த்துக் குலுங்கும் மாதம் அது. அன்று தொடங்கி ஒரு மாதம் நாங்கள் இருவரும் சேர்ந்து படித்த முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பழைய பாடல்களைப் படிக்க ஆசைப்பட்டு, உரையைத் திறந்ததும் மலைத்துப்போய் மூடி வைத்தவர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

இரண்டு சொற்களை மட்டும் முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு படைப்பு எதைப் பற்றி யோசிக்கிறதோ அது அதன் மையக்கருத்து. அந்த யோசனையைத் தன் மேல் சுமந்து நிற்கும் பொருள், உயிர், இடம், செயல் எதுவானாலும் அது குறியீடு. குறியீட்டை அகராதியில் தேட முடியாது. ஒரே மயில் ஒரு பாட்டில் ஒன்றைச் சுமக்கும், அடுத்த பாட்டில் வேறொன்றைச் சுமக்கும். அதனால்தான் கோடு போட்ட அந்தப் பக்கத்தை முதல் நாளே கிழிக்கச் சொன்னேன். அவளுக்கு மனசே வரவில்லை.

முதல் படி: வாய்விட்டுப் படியுங்கள்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாட்டைச் சீர் பிரித்து, சத்தமாக மூன்று முறை படியுங்கள். தெரியாத சொற்களுக்கு மட்டும் பொருள் பாருங்கள். குறுந்தொகைக்கு உ.வே.சாமிநாதையர் 1937-இல் வெளியிட்ட உரைப் பதிப்பு இருக்கிறது. பதவுரையை மட்டும் எடுத்துக்கொண்டு விளக்கத்தை அப்போதைக்கு மறைத்து வையுங்கள். முதலில் உங்கள் கண், அப்புறம் உரையாசிரியர் கண். இந்த வரிசை மாறினால் பிறகு உங்களுக்கென்று எதுவுமே தோன்றாது.

இரண்டாம் படி: பொருளைப் பொருளாகப் பாருங்கள்

அவள் கேட்ட பலா வருகிற பாட்டு இது, குறுந்தொகையில் கபிலர் பாடியது:

வேரல் வேலி வேர்க்கோட் பலவின்
சாரல் நாட செவ்வியை ஆகுமதி
யார்அஃது அறிந்திசி னோரே சாரல்
சிறுகோட்டுப் பெரும்பழம் தூங்கி யாங்குஇவள்
உயிர்தவச் சிறிது காமமோ பெரிதே.

சிறுமூங்கில் வேலியும் வேரில் காய்க்கும் பலாவும் உள்ள மலைச்சாரல் நாட்டுக்காரனே, மணம் முடிக்கும் காலத்தை உண்டாக்கிக்கொள். இவள் நிலையை யார் அறிவார்? சின்னக் கொம்பில் பெரிய பழம் தொங்குவது போல, இவள் உயிர் மிகச் சிறியது, காமமோ பெரியது என்று தோழி தலைவனிடம் சொல்கிறாள்.

கொல்லையில் அவளை மரத்தடியில் நிறுத்தி, "என்ன தெரியுது, அதை மட்டும் சொல்லு" என்றேன். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். பழம் அடிமரத்தில் காய்த்திருக்கிறது. ஒன்று வேரை ஒட்டி மண்ணிலேயே கிடக்கிறது. மேலே கையளவுத் தடிமன் கொம்பில் ஒன்று தொங்குகிறது, கொம்பு வளைந்திருக்கிறது. மேலே தொங்குவதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

அந்தப் பயம்தான் பாட்டுக்குள் நுழையும் வாசல். அதற்குப் பிறகு கேட்டேன்: "பாட்டில் எத்தனை பலா இருக்கு?" வீட்டுக்குள் ஓடிப் போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து பார்த்தாள். இரண்டு. முதல் அடியில் ஒன்று, நான்காம் அடியில் ஒன்று. முதல் பலா தலைவனுடைய நாட்டில் இருக்கிறது. அதன் பழம் வேரில் கிடக்கிறது, விழுவதற்கு இடமில்லை, சுற்றி மூங்கில் வேலியும் உண்டு. இரண்டாவது பழம் இவளைச் சொல்ல வந்தது. அது கொம்பில் தொங்குகிறது. கொம்பில் தொங்கும் பழத்துக்கு யாரால் வேலி கட்ட முடியும்? எங்கள் பக்கம் பலா பழுத்தால் யானை வரும். வேலி போடுகிறவர்களுக்கு வேலியின் அருமை தெரியும்.

தோழி ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. உன் ஊரில் பழம் பத்திரமாக இருக்கிறது, எங்கள் வீட்டில் பழம் ஆடிக்கொண்டிருக்கிறது என்பதை இரண்டு மரங்களை வைத்தே சொல்லிவிடுகிறாள். பலா = காமம் என்று எழுதிக்கொண்டு போயிருந்தால் முதல் மரம் கண்ணுக்கே பட்டிருக்காது.

ஆகவே இந்தப் படியில் செய்ய வேண்டியது இதுதான். பாட்டில் வரும் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே எழுதுங்கள். அது எப்படி இருக்கும், என்ன செய்யும், அதற்கு என்ன ஆபத்து, மனிதர் அதை எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று நான்கு கேள்வி கேளுங்கள். மரத்தை நேரில் பார்க்க வாய்ப்பில்லாவிட்டால் பார்த்தவரிடம் கேளுங்கள். தேன் எடுக்கும் பளியர் என்ற மலைப் பழங்குடியினர் ஒருவரோடு அரை மணி நேரம் பேசினால் குறிஞ்சிப் பாட்டுகளில் பாதி திறந்துகொள்ளும்.

மூன்றாம் படி: யார், யாரிடம், யார் காதில் விழ

செவ்விலக்கியத்தைத் தவறாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். அகப்பாட்டில் கவிஞர் தன் குரலில் பேசுவதில்லை. தலைவியோ தோழியோ தலைவனோ தாயோ பேசுகிறார்கள். எதிரே ஒருவர் கேட்கிறார். பல நேரங்களில் வேலிக்கு அப்பால் இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்குச் சிறைப்புறம் என்று பெயர்.

குறுந்தொகையின் மூன்றாம் பாட்டு எல்லோருக்கும் தெரிந்தது. தேவகுலத்தார் பாடியது.

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரளவு இன்றே சாரல்
கருங்கோல் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே.

தனியாகப் படித்தால் ஒரு பெண் தன் காதலின் பெருமையைப் பாடுகிறாள், அவ்வளவுதான். யார் எந்தச் சூழலில் பேசுகிறார் என்று சொல்லும் சிறு குறிப்பு ஒன்று பாட்டோடு இருக்கும், அதுதான் துறைக்குறிப்பு. இதன் துறைக்குறிப்பு வேறொரு காட்சியைக் காட்டுகிறது. தலைவன் வேலிப்புறத்தில் நிற்கிறான். அவன் மணம் பேச வர வேண்டும் என்பதற்காகத் தோழி அவனைக் குறை சொல்கிறாள். அதற்கு மறுமொழியாகத் தலைவி சொல்வது இது. இப்போது மறுபடி படியுங்கள். பெருமை அப்படியே இருக்கிறது, கூடவே ஒரு நம்பிக்கையை அவன் தோளில் ஏற்றி வைக்கிற பாரமும் வந்துவிடுகிறது. நிலம், வானம், கடல் என்று அளந்த பெண்ணை இனி எப்படிக் காக்க வைப்பான்?

துறைக்குறிப்புகள் பாட்டோடு பிறந்தவை அல்ல, தொகுத்தவர்கள் பின்னால் சேர்த்தவை. அதனால் அவற்றைக் கட்டாயமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மிகப் பழைய வாசகர் ஒருவர் இப்படிப் படித்திருக்கிறார் என்று மதித்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் காரணத்தோடு விலகுங்கள்.

நான்காம் படி: முதல், கரு, உரி

குறியீட்டைப் படிக்க நமக்கு வெளியிலிருந்து கருவி வர வேண்டியதில்லை. தொல்காப்பியம் அகத்திணையியலில் "முதல் கரு உரிப்பொருள் என்ற மூன்றே" என்று தொடங்கி ஒரு முழு முறையைத் தந்திருக்கிறது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்த நிலத்தில் உள்ள தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலானவை. உரிப்பொருள் மனித ஒழுக்கம், மனநிலை.

குறிஞ்சிக்கு நிலம் மலை. பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், அதாவது ஐப்பசி முதல் தை வரை. சிறுபொழுது நள்ளிரவான யாமம். கருப்பொருள்கள் முருகன், தினை, யானை, புலி, கிளி, மயில், வேங்கை மரம், குறிஞ்சிப்பூ, தேனெடுத்தல். உரிப்பொருள் புணர்தலும் அதன் நிமித்தமும். இதை மனப்பாடம் செய்வது எளிது, உணர்வதற்குத்தான் மலையில் ஒரு கார்த்திகை மாதம் இருந்து பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் பண்ணைக்காட்டுக்கு மேலே பகல் மூன்று மணிக்கே மஞ்சு இறங்கிவிடும். பத்தடி தள்ளி நிற்பவர் முகம் தெரியாது. ராத்திரி குளிர் எலும்பில் ஏறும். அந்த நேரத்தில் அந்த வழியில் ஒருவன் நடந்து வருகிறான் என்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். நிலமும் பொழுதும் சேர்ந்து அந்த ஒழுக்கத்தைப் பிறப்பிக்கின்றன என்று அன்று அவளுக்குச் சொன்னேன். வைகாசி வெயிலில் சொன்னதால் முழுதும் புரிந்திருக்காது.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். எந்தப் பொருள் தன் நிலத்தில் இருக்கிறது? எது பட்டியலை மீறி வந்து நிற்கிறது? இரண்டாவது கேள்விதான் பொன். கபிலரின் 25-ஆம் பாட்டைப் பாருங்கள்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தான்அது பொய்ப்பின் யான்எவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

அவன் என்னைக் கூடிய அன்று அங்கே யாரும் இல்லை, அவன்தான் கள்வன். அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு மட்டும் இருந்தது. குருகும் ஆரலும் நீர்நிலையைச் சேர்ந்தவை. தினை மலையைச் சேர்ந்தது. இந்தத் தலைவி ஒரு நீர்ப்பறவையின் காலைப் பார்த்ததும் தினைத்தாள் என்கிறாள். அவள் தினைப்புனம் காத்து வளர்ந்த பெண், அவள் கண்ணுக்குத் தெரிந்த அளவுகோல் அதுதான். ஒருவர் எதை எதோடு ஒப்பிடுகிறார் என்று பார்த்தால் அவர் எங்கே வளர்ந்தார் என்பதும் தெரிந்துவிடும்.

இப்போது குருகுக்கு வருவோம். சாட்சி என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். அது இவர்களைப் பார்க்கவில்லை, மீனைப் பார்க்கிறது. கண் இருந்தும் பயன்படாத சாட்சி. ஒற்றைக் குறியில் நின்று, கிடைத்ததும் கொத்திக்கொண்டு பறந்துவிடும் பறவை. முதல் அடியில் கள்வன் என்ற சொல் இருப்பதால், அந்தப் பறவையில் தலைவனின் சாயலும் விழுகிறது. இரண்டு பொருளையும் பாட்டு தாங்குகிறது, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் இல்லை. அப்புறம் "குருகும்" என்பதில் உள்ள அந்த உம்மை. யாரும் இல்லை என்று சொல்லி முடித்தவள், மனசு கேட்காமல் திரும்பி வந்து ஒரு பறவையையாவது சேர்த்துக்கொள்கிறாள். எனக்கு இந்தப் பாட்டிலேயே மிகவும் வலிக்கிற இடம் அந்த ஒரு எழுத்துதான்.

ஐந்தாம் படி: உள்ளுறையும் இறைச்சியும்

இயற்கைக் காட்சி ஒன்று வருகிறது, அதற்குள் மனிதர் கதை ஒளிந்திருக்கிறது என்றால் அது உள்ளுறை உவமம். காட்சியின் பகுதிகளும் கதையின் பகுதிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தும். கபிலரின் 38-ஆம் பாட்டில் தலைவனுடைய மலையைத் தலைவி இப்படிச் சொல்கிறாள்:

கான மஞ்ஞை அறையீன் முட்டை
வெயிலாடு முசுவின் குருளை உருட்டும்
குன்ற நாடன்

காட்டு மயில் பாறையில் இட்ட முட்டையை, வெயில் காயும் குரங்குக் குட்டி உருட்டி விளையாடும் மலை. தாளை எடுத்து இரண்டு வரிசையாக எழுதுங்கள். முட்டை எது? அவளுடைய அன்பு, உடைந்தால் ஒட்டாதது. பாறை எது? பாதுகாப்பில்லாத களவு வாழ்க்கை, அதாவது மணத்துக்கு முன் ஊரறியாமல் சந்திக்கும் காதல். உருட்டுகிற குட்டி யார்? தன் கையில் இருப்பது என்னவென்று தெரியாமல் நாளைக் கடத்துகிற தலைவன். குட்டிக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்பதைக் கவனியுங்கள். அது வெயிலில் சந்தோஷமாக விளையாடுகிறது. தலைவி அவனைக் கொடியவன் என்று சொல்லவில்லை, விவரம் தெரியாதவன் என்கிறாள். இந்த நுணுக்கம் பொருத்திப் பார்க்கும்போதுதான் கிடைக்கும்.

இறைச்சி கொஞ்சம் வேறு. "இறைச்சி தானே பொருட்புறத் ததுவே" என்கிறது தொல்காப்பியம். சொன்ன பொருளுக்குப் புறத்தே பிறக்கும் பொருள். உள்ளுறைக்கும் இறைச்சிக்கும் எல்லை எங்கே என்பதில் உரையாசிரியர்களே வேறுபடுகிறார்கள், அதனால் பெயர் வைப்பதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். ஒவ்வொரு பகுதியையும் பொருத்த முடிந்தால் உள்ளுறை என்றும், காட்சி முழுவதும் ஒரு குறிப்பை மட்டும் எழுப்பினால் இறைச்சி என்றும் கொண்டால் படிக்கிறவருக்குப் போதும்.

குறுந்தொகை 69-இல் ஒரு மந்தி வருகிறது. ஆண்குரங்கு இறந்துவிடுகிறது. கைம்மை தாங்காத மந்தி, இன்னும் மரமேறக் கற்காத குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு, ஓங்கிய மலையிலிருந்து பாய்ந்து உயிரை விடுகிறது. அப்படிப்பட்ட சாரல் நாடனே, நடு இரவில் வராதே, நாங்கள் வருந்துகிறோம் என்று முடிக்கிறாள் தோழி. வரும் வழியில் உனக்கு ஏதாவது ஆனால் இவள் என்ன ஆவாள் என்பதை அவள் சொல்லவே இல்லை. அதைச் சொல்லத் தோழிக்கு வாயும் வராது. மந்தியைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறாள்.

இதைப் படித்த அன்று எங்கள் வீட்டில் ஒரு சச்சரவு வந்தது. குட்டியை ஒப்படைப்பது எதைக் குறிக்கிறது என்று அண்ணன் மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். தலைவிக்குக் குழந்தை இல்லையே, அப்போது குட்டி யார்? நான் சொன்னேன், எதையும் குறிக்க வேண்டியதில்லை என்று. அது அந்த மந்தியின் குட்டி. சாகும் முடிவெடுத்த பிறகும் அது தன் கடமையை முடித்துவிட்டுப் போகிறது, அதனால்தான் நமக்கு அந்தச் சாவு வெறும் காட்சியாக இல்லாமல் நெஞ்சில் இறங்குகிறது. காட்சியில் உள்ள எல்லாவற்றையும் கணக்குத் தீர்ப்பது போலப் பொருத்தத் தொடங்கினால் பாட்டு செத்துப்போகும்.

ஆறாம் படி: மையக்கருத்தை ஒரு முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்

காதல், வீரம், ஈகை, நிலையாமை. இவை தலைப்புகள். இவற்றை மையக்கருத்து என்று எழுதினால் எந்தப் பாட்டுக்கும் பொருந்திவிடும், எந்தப் பாட்டையும் விளக்காது. எழுவாயும் பயனிலையும் உள்ள வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். பலாப் பாட்டுக்கு: "ஆசை அதைத் தாங்கும் உயிரைவிடப் பெரிதாகிவிட்டால், காலம் கடத்துவதே கொலையாகும்." இது சரியா என்று பாட்டோடு ஒட்டிப் பார்க்கலாம், மறுக்கலாம், திருத்தலாம். காதல் என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு யாரும் எதையும் மறுக்க முடியாது.

எங்கள் மலைக்காரன் ஒருவனை எடுத்துக்கொள்கிறேன். மயிலுக்குப் போர்வை கொடுத்த வையாவிக் கோப்பெரும் பேகன். அகநானூற்றின் முதல் பாட்டு நெடுவேள் ஆவியின் பொதினி மலையைச் சொல்கிறது. அந்தப் பொதினிதான் இன்றைய பழனி என்பது பலரும் ஒப்புக்கொண்ட செய்தி, பேகனும் அந்த ஆவியர் குடியில் வந்தவன். பள்ளிக்கூடப் பாடத்தில் மயில் வந்தாலே ஈகை என்று எழுதப் பழகியிருக்கிறோம். புறநானூறு 145-இல் பரணர் அந்த மயிலை என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

மடத்தகை மாமயில் பனிக்கும் என்று அருளிப்
படாஅம் ஈத்த கெடாஅ நல்லிசைக்
கடாஅ யானைக் கலிமான் பேக
பசித்தும் வாரேம் பாரமும் இலமே

மயில் குளிரில் நடுங்கும் என்று இரங்கிப் போர்வை தந்த புகழுடையவனே, நாங்கள் பசித்து வரவில்லை, எங்களுக்குக் குடும்பச் சுமையும் இல்லை என்று தொடங்குகிறது. பரிசில் கேட்கும் பாட்டு இப்படியா தொடங்கும்? அப்படியானால் என்னதான் வேண்டும்? இன்று இரவே தேரேறிப் போய், துன்பத்தில் வாழ்கிறவளின் துயரைத் தீர்த்துவை, அதுதான் நாங்கள் கேட்கும் பரிசு என்று முடிகிறது. பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்த காலம் அது. சிலப்பதிகாரத்துக் கண்ணகி வேறு, இவள் வேறு.

முதல் அடியில் புகழாக வந்த மயில், கடைசி அடிக்கு வரும்போது குற்றச்சாட்டாக மாறிவிட்டது. பரணர் ஒரு சொல்லையும் கடுமையாகச் சொல்லவில்லை. பறவையின் நடுக்கம் தெரிந்த உனக்கு வீட்டில் இருப்பவளின் நடுக்கம் தெரியவில்லையா என்பதை நாமே கேட்டுக்கொள்கிறோம். நடுவில் யாழ் வாசிப்பதைச் சொல்லும்போது "உறையுநர் நடுங்கப் பண்ணி" என்கிறார். கேட்பவர் நடுங்கும்படி. மயிலுக்குப் பனிப்பு, கேட்பவருக்கு நடுக்கம். ஒரே நடுக்கத்தைப் பாட்டு முழுக்க ஓடவிட்டு அவள் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறார். இந்தப் பாட்டின் மையக்கருத்தை எப்படி எழுதலாம்? அண்ணன் மகள் எழுதியது: "தூரத்தில் இருப்பவர் மேல் இரங்குவது எளிது, நம்மால் துன்பப்படுகிறவர் மேல் இரங்குவதே அருள்." நான் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

ஏழாம் படி: நெடிய காப்பியத்தில் ஒரு பொருளைப் பின்தொடருங்கள்

ஐந்தடிப் பாட்டில் எல்லாம் கண்முன்னே இருக்கும். காப்பியத்தில் அப்படி இல்லை. அங்கே ஒரே பொருள் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்த்து, வரும் இடங்களையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுத வேண்டும். சிலப்பதிகாரத்தில் சிலம்பை எடுத்துக்கொண்டு நாங்கள் செய்தது இது.

கோவலன் பிரிந்ததும் கண்ணகியின் "அஞ்செஞ் சீறடி அணிசிலம்பு ஒழிய" என்று வருகிறது. சிலம்பு காலில் இல்லாததுதான் முதல் செய்தி. கோவலன் பொருளிழந்து திரும்பியதும் "சிலம்புள கொண்ம்" என்று கொடுக்கிறாள். இப்போது அது விற்கக்கூடிய பொருள். மதுரையில் பொற்கொல்லன் கையில் அது திருட்டுப் பொருள் ஆகிறது. வழக்குரை காதையில் அரசன் தன் தேவியின் சிலம்பில் முத்து என்கிறான், கண்ணகியின் சிலம்பை உடைத்ததும் மாணிக்கம் தெறிக்கிறது. இப்போது அது சான்று. ஒழிந்த அணி, விலைப்பொருள், களவுப்பொருள், சான்று. பொருள் ஒன்றே. அது யார் கையில் இருக்கிறதோ அவரைப் பொறுத்து அதன் அர்த்தம் மாறுகிறது. சிலம்பு = நீதி என்று எழுதியவருக்கு இந்தப் பயணம் முழுவதும் கிடைக்காமல் போய்விடும். நீதி கடைசி நிறுத்தத்தில்தான் வருகிறது, அதற்கும் சிலம்பு உடைய வேண்டியிருந்தது.

காப்பியம் பழைய பாடல்களைத் தனக்குள் எடுத்துக்கொள்ளும் இடங்களையும் கவனியுங்கள். குன்றக்குரவையில் கண்ணகி மலையேறி ஒரு வேங்கை மரத்தடியில் நிற்கிறாள். குறவர்கள், மலைவேங்கை நிழலில் வள்ளிபோல் நிற்கிறீர்களே, முலையிழந்து வந்து நிற்கும் நீங்கள் யார் என்று நடுங்கிக் கேட்கிறார்கள். மலையில் எத்தனையோ மரம் இருக்க வேங்கை ஏன்? சங்கப் பாடல்களில் வேங்கை மஞ்சளாகப் பூத்தால் தினை முற்றும் காலம், குறவர் வீட்டில் திருமணப் பேச்சு எடுக்கும் காலம். குறிஞ்சிப் பெண்கள் மணமாலைக்கு எதிர்பார்த்து நின்ற அதே மரத்தடியில் இவள் எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்து நிற்கிறாள். கூடவே வள்ளியின் பெயர் வேறு. முருகன் மலைக்கு வந்து கூட்டிப்போன பெண் அவள். சிறிது நேரத்தில் இவளையும் கூட்டிப்போக வானத்திலிருந்து கணவன் வருகிறான். குறிஞ்சியின் கூடலை இளங்கோவடிகள் சாவுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்திருக்கிறார். பழைய பாடல்களைப் படித்திராவிட்டால் இந்த வேங்கை வெறும் நிழல் தரும் மரமாகவே நின்றிருக்கும்.

எட்டாம் படி: அளவு தாண்டிவிட்டோமா என்று சோதியுங்கள்

குறியீடு பார்க்கப் பழகியதும் எங்கும் குறியீடாகத் தெரியும். எனக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. அதைத் தடுக்க மூன்று சோதனை வைத்திருக்கிறேன். நான் சொல்லும் பொருளுக்குப் பாட்டில் ஒரு சொல்லையாவது விரல் வைத்துக் காட்ட முடியுமா? அதே காலத்துப் பிற பாடல்களில் அந்தப் பொருள் இப்படி வருகிறதா? இந்தப் பொருளை எடுத்துவிட்டால் பாட்டில் ஏதாவது குறைகிறதா?

மறுபடி குறிஞ்சிப்பூப் பாட்டுக்கு வாருங்கள். கோடைக்கானல் பக்கம் 2006-இலும் 2018-இலும் நீலக்குறிஞ்சி பூத்தது. அடுத்து 2030-இல் எதிர்பார்க்கிறோம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பதால் அரிய காதலுக்கு அது குறியீடு என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாட்டில் விரல் வைத்துப் பாருங்கள். பன்னிரண்டு இல்லை, ஆண்டு இல்லை, அரிது என்ற சொல்லும் இல்லை. இருப்பவை சாரல், கரிய கொம்பு, பூ, பெருந்தேன். குறிஞ்சி இனத்தில் பல வகைச் செடிகள் உண்டு, பூக்கும் கால இடைவெளியும் வகைக்கு வகை மாறும்.

மலையில் வாழ்ந்தவர்களுக்குப் பூக்கும் காலம் தெரிந்திருக்கும், கேட்டதும் அது அவர்கள் மனத்தில் வந்திருக்கலாம் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைப் பாட்டின் சொல்லாக எழுதக் கூடாது, பாட்டுக்கு வெளியிலிருந்து நாம் கொண்டுவருவது என்று தெரிவித்துவிட்டு எழுத வேண்டும். பாட்டு தானாகத் தருவது இன்னும் பெரியது என்பது என் எண்ணம். நிலம், வானம், கடல் என்று உலகத்தையே அளந்தவள் திடீரென்று ஒரு கரிய கொம்பில் உள்ள சின்னப் பூவுக்கு இறங்கி வருகிறாள். அந்தப் பூவில் துளித் தேன்தான் இருக்கும். ஈ எத்தனை முறை போய் வந்து அது பெருந்தேன் ஆனது? அவ்வளவு பெரிய நட்பு இவ்வளவு சிறிய வரவுகளால் இழைக்கப்பட்டது. "இழைக்கும்" என்ற வினைச்சொல்லை விட்டுவிட்டுப் பன்னிரண்டு ஆண்டைப் பிடித்துக்கொள்வது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். சிலம்பு என்ற சொல்லுக்கு மலை என்றும் பொருள் உண்டு, குறிஞ்சித் தலைவனுக்குச் சிலம்பன் என்று பெயர். காலில் அணிந்த சிலம்பை இழந்த கண்ணகி கடைசியில் மலையாகிய சிலம்பில் ஏறுகிறாள் என்று எனக்கு ஒரு நாள் தோன்றியது. அன்று இரவு தூக்கமே வரவில்லை. மூன்று சோதனையிலும் வைத்துப் பார்த்தேன். சொல் இருக்கிறது, ஆனால் இளங்கோவடிகள் அந்த இரட்டைப் பொருளை அங்கே வேண்டுமென்றே ஆள்கிறார் என்பதற்கு என்னால் ஒரு வரியைக் காட்ட முடியவில்லை. அதனால் அதை என் மகிழ்ச்சிக்கு வைத்துக்கொண்டேன். பாடம் சொல்லும்போது சொல்வதில்லை.

ஒன்பதாம் படி: எழுதுங்கள்

எழுதும்போது வரிசை எளிது. பாட்டில் இருக்கும் சொல்லை முதலில் காட்டுங்கள், அந்தப் பொருள் இயற்கையில் எப்படி இருக்கும் என்று ஒரு வரி, பேசுகிறவர் யாரிடம் பேசுகிறார் என்று ஒரு வரி, அதன் பிறகே உங்கள் முடிவு. "குறிக்கிறது" என்ற சொல்லை ஒரு பக்கத்தில் இரண்டு முறைக்கு மேல் போடாதீர்கள். எழுதி முடித்ததும் மறைத்து வைத்த உரை விளக்கத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் சந்தோஷம், ஒத்துப்போகாத இடத்தில்தான் படிப்பு தொடங்குகிறது.

தனியே செய்து பார்க்கக் குறுந்தொகை 47-ஐத் தருகிறேன். நெடுவெண்ணிலவினார் பாடியது.

கருங்கால் வேங்கை வீயுகு துறுகல்
இரும்புலிக் குருளையின் தோன்றும் காட்டிடை
எல்லி வருநர் களவிற்கு
நல்லை அல்லை நெடுவெண் ணிலவே.

வேங்கைப் பூ உதிர்ந்த பாறை புலிக்குட்டி போலத் தெரிகிறது. நிலவே, இரவில் வருகிறவரின் களவுக்கு நீ நல்லது செய்யவில்லை. நிலவிடம் யாராவது பேசுவார்களா, அப்படியானால் கேட்பவர் யார்? பூத்திருப்பது ஏன் வேங்கை? பாறை புலியாகத் தெரிவது இருட்டிலா, வெளிச்சத்திலா? இந்த மூன்று கேள்வியோடு ஒரு மாலை உட்காருங்கள்.

ஊருக்குக் கிளம்பும் நாளில் அண்ணன் மகள் பலாப் பாட்டைப் பற்றித் தான் எழுதிய இரண்டு பக்கத்தை நீட்டினாள். இரண்டு மரம், வேலி, கொம்பு எல்லாம் இருந்தது. கடைசியில் நான் சொல்லாத ஒன்றும் இருந்தது. "செவ்வியை ஆகுமதி" என்பதில் உள்ள செவ்விக்கு உரையில் மணம் முடிக்கும் பருவம் என்று பொருள் இருக்கிறது. பழத்துக்கும் பருவம் உண்டே என்று எழுதியிருந்தாள். பழுக்கப் பழுக்கப் பழம் கனக்கும், கொம்பு அதே கொம்புதான். பருவத்தில் பறிக்காவிட்டால் அது தானாக விழும். தோழி நேரம் குறித்துக் கொடுக்கிறாள் என்று முடித்திருந்தாள்.

இந்தப் பாட்டை நான் முப்பது வருஷமாகப் படிக்கிறேன். பேருந்து வத்தலக்குண்டு பக்கம் இறங்கிப் போன பிறகு கொல்லைக்குப் போய் அந்தக் கொம்பைப் பார்த்தேன். பழம் மஞ்சள் தட்டியிருந்தது. பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டுக் கயிறு கட்டி இறக்கச் சொன்னேன்.